நூற்றெட்டு டிகிரி

மூடுவதற்காகத்தான் தவமலர் நெல்லிமட்டத்துக்கு வந்தாள்.

மூட வேண்டியவை இரண்டு கிணறுகள். நீலகிரியின் மேற்குச் சரிவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒவ்வொன்றும் ஐந்து கிலோமீட்டர் ஆழம். முன்பெல்லாம் அவ்வளவு ஆழம் போக வேண்டுமென்றால் குடையும் முனைகள் தேயத் தேய மாற்றி, மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். இப்போது யாரும் குடைவதில்லை. மேலேயிருந்து நுண்ணலைக் கற்றையைப் பாய்ச்சினால் கல் உருகி, ஆவியாகி, புழுதியாக மேலே வந்துவிடும். துளையின் சுவர் கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்ளும். ஒரு கிணற்றுக்கு நாற்பத்தாறு நாள்தான் ஆனது.

கிணறு போட்ட மின்சார நிறுவனத்தின் திட்டம் எளிமையானது. ஆழத்துப் பாறை சூடாக இருக்கும். ஒரு கிணற்றில் தண்ணீரை இறக்கி, பாறை விரிசல்களின் வழியாக ஓடவிட்டு, இன்னொரு கிணற்றில் ஆவியாக எடுத்து டர்பைனைச் சுழற்ற வேண்டும். அதற்கு நூற்றெழுபது டிகிரியாவது தேவை. நீலகிரிப் பாறையோ மிகப் பழைய பாறை, ஆழம் போகப் போக மெதுவாகத்தான் சூடு கூடும். ஐந்து கிலோமீட்டரில் கிடைத்தது நூற்றெட்டு. திட்டம் தோற்றது என்று எழுதி முடித்து, இயந்திரத்தைக் கழற்றி லடாக்குக்கு அனுப்பிவிட்டார்கள். கிணறுகளுக்குள் சிமென்ட் ஊற்றி அடைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வேலை தவமலருக்கு.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. நெய்வேலிக்காரி, சுரங்கத் தொழிலாளியின் மகள். பல நாட்டு எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். மூடுவதில் கைதேர்ந்தவள் என்று நிறுவனத்தில் பெயர். ஒரு கிணற்றை மூடியதற்காக அவள் வருத்தப்பட்டது கிடையாது.

டிசம்பர் இரண்டாம் வாரம் அது. பத்து வருடமாகவே மலையில் உறைபனிக் காலம் இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதமாக நீண்டிருந்தது. அந்த வாரம் மைனஸ் நான்கு. பர்லியார் பக்கம் மண் சரிந்து சாலையும் மின்கம்பங்களும் போய்விட்டன. அவளுடைய சிமென்ட் லாரிகள் மேட்டுப்பாளையத்தில் நின்றன. ஊரில் மருத்துவமனைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் மட்டும் ஜெனரேட்டர். மற்றவர்கள் பழைய வழிக்குத் திரும்பினார்கள். இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, தணலாக்கி, வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்குக் கிணற்று மேட்டுக்குக் கீழே இருந்த லைன் வீடுகளிலிருந்து ஓர் அலறல் கேட்டது. தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு அது. ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி எழுபத்திரண்டு வீடுகள். தவமலர் கையுறையைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள்.

ஏழாம் வீட்டு வாசலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்கக் கரியும் வியர்வையும். பெயர் மாசிலாமணி. தொழிற்சாலையில் அடுப்புக்காரன், இலை உலர்த்தும் அடுப்புக்கு இரவெல்லாம் விறகு தள்ளுகிறவன். வேலை முடிந்து இப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். உள்ளே அவன் மனைவி அமலியும் அவன் அம்மாவும் ஒரே கம்பளிக்குள் படுத்திருந்தார்கள். முகத்தில் நல்ல நிறம். தூங்குகிற மாதிரியே இருந்தார்கள். நடுவில் கரிச்சட்டி. சாம்பலில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

அலறியது அமலியின் அக்கா புஷ்பலீலா. பக்கத்து வீடு. ஐம்பது வயதிருக்கும், லைன் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அவள் சொல்தான் சொல். தங்கையின் கால்களைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், நீங்க படிச்சவங்கதானே, பாருங்க மேடம். கால் இன்னும் சூடாத்தான் இருக்கு."

தவமலர் பார்த்தாள். புஷ்பலீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க மேடம் பத்த வெச்சேன்," என்றான் மாசிலாமணி. யாரையும் பார்க்காமல் பேசினான். "அவளுக்கு ரெண்டு நாளா நடுக்கம். வேலைக்குப் போறப்ப நானே கரி போட்டு, ஊதி, உள்ள வெச்சுட்டுப் போனேன். நல்லா கனலட்டும்னு வெளியவே ரொம்ப நேரம் ஊதினேன். புகையே இல்லீங்க. புகை இருந்தாத்தானே ஆபத்து?"

"புகை இல்லாத வாயுதான் ஆளைக் கொல்லுது," என்றாள் தவமலர் மெதுவாக. "அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடைச்ச அறைல கரி எரிஞ்சா அது சேந்துக்கிட்டே இருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை."

"கரி கொல்லும்னு தெரியும் மேடம். போன வருஷம் மேல் லைன்ல மூணு பேர் போனாங்க. தெரிஞ்சும் என்ன பண்றது? குளிரும் கொல்லுதே."

அன்று மாலை அடக்கம் முடிந்தது. தவமலர் கிணற்று மேட்டுக்குத் திரும்பி, முறைப்படி எடுக்க வேண்டிய கடைசி வெப்ப அளவை எடுத்தாள். உணர்கருவி ஐந்து கிலோமீட்டர் இறங்கி நின்றது. திரையில் 108.2 என்று வந்தது. அந்த எண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து கல்லெறிந்தால் ஏழாம் வீட்டுக் கூரையில் விழும்.

மறுநாள் சென்னையிலிருந்த மேலதிகாரி சேஷகோபாலனை அழைத்தாள்.

"சார், இந்தக் கிணறுகளை மூட வேண்டாம்."

"நூத்தெட்டு டிகிரியை வெச்சு என்னம்மா பண்ணுவீங்க? டர்பைன் சுத்தாது."

"சுத்த வேண்டாம் சார். சூட்டை மின்சாரமாக்கினாத்தான் நஷ்டம், பாதிக்கு மேல வழியிலேயே போயிடும். அப்புறம் அந்த மின்சாரத்தை ஹீட்டர்ல கொடுத்துத் திரும்ப சூடாக்குறோம். எதுக்கு சார் இந்தச் சுத்து? அடியில இருக்கறது சூடு. மேல வேண்டியதும் சூடு. குழாய் போட்டாப் போதும். ஒரு வீட்டைச் சூடா வெச்சுக்க அறுபது டிகிரி தண்ணி இருந்தா தாராளம்."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். "தமிழ்நாட்டுல இருந்துகிட்டு வீட்டைச் சூடாக்க முதலீடு கேக்கற முதல் ஆள் நீங்கதான். போர்டு மீட்டிங்கில் போய்ச் சொன்னா, ஏசியைப் போட்டுட்டு எல்லாரும் சிரிப்பாங்க."

"இங்க நேத்து ரெண்டு பேர் செத்துப் போயிட்டாங்க சார்."

சேஷகோபாலன் கெட்டவர் இல்லை. சிரிப்பை நிறுத்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நிறுவனம் ஒரு பைசா போடாது. ஊராட்சி எழுதிக் கேட்டா கிணறுகளை அவங்க பேருக்கு மாத்திக் கொடுக்கலாம். மூடற செலவு மிச்சம்னு கையெழுத்துப் போட்டுடுவாங்க. ஆனா எங்க பொறியாளரை வெச்சு வேலை பண்ண விட மாட்டாங்க. கிணறு போனா நீங்களும் போகணும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டுத்தான் சார் கூப்பிட்டேன்."

லாரிகள் வருவதற்குள் ஊராட்சிக் கூட்டம் கூடியது. தலைவர் பெள்ளிராஜ் நல்ல மனிதர், ஆனால் எல்லோருக்கும் நல்லவராக இருக்க நினைப்பவர். உறுப்பினர்களில் சத்தமானவர் குழந்தைவேலு. கரி மண்டி வைத்திருப்பவர். கோவைப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் மலையேறிய குடும்பம். இரண்டு சாவுக்கும் எரிந்த கரி அவர் கடைக் கரி என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

தவமலர் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு விளக்கினாள். ஒரு கோட்டில் தண்ணீர் இறங்கும். இன்னொரு கோட்டில் சூடாக ஏறும். மேலே வந்ததும் தன் சூட்டை ஊர்க் குழாய்த் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி கீழே போகும். எரிக்க எதுவும் வேண்டாம்.

குழந்தைவேலு எழுந்தார். "ஏனுங்க, ஊர் முழுக்கச் சுத்தி நாலு கிலோமீட்டர் குழாய்ல வர்றதுக்குள்ள ஆறிப்போயிடாதுங்களா?"

"கவசம் போட்ட குழாய். வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு டிகிரி போகும். அவ்வளவுதான்."

"கல்லுல என்ன, சூடு ஊறிக்கிட்டேவா இருக்கும்? எடுக்க எடுக்க அதுவும் ஆறத்தானே செய்யும்?"

"ஆறும். முப்பது வருஷத்துல கொஞ்சம் ஆறும். அப்ப பக்கத்துல இன்னொரு ஜோடி போட்டுட்டு இதை விட்டுட்டா மெதுவா தானா ஏறிக்கும். அதுவரைக்கும் மழை பெஞ்சாலும் மண் சரிஞ்சாலும் நிக்காது. எந்த லாரியையும் எதிர்பார்க்க வேண்டாம்."

"சரி. நடுக்கம்? வடக்க எங்கயோ இப்படித் தண்ணியை அமுக்கி ஊரே ஆடுச்சுன்னு பேசிக்கிறாங்களே."

பெள்ளிராஜ் தவமலரைப் பார்த்த பார்வையில் ஒரு வேண்டுகோள் இருந்தது. வராது என்று சொல்லிவிடு என்றது அது.

"வரும்," என்றாள் தவமலர். "ரெண்டு கிணத்துக்கும் நடுவுல அடியில பாறை இறுகிக் கிடக்கு. வழி திறக்கணும்னா தண்ணியை அழுத்திச் செலுத்தணும். அப்ப பூமி லேசா ஆடும். பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது. சில சமயம் தெரியும். லைன் வீட்டுச் சுவரெல்லாம் நூறு வருஷத்து மண் சுவர். விரிசல் விடலாம், விழக்கூடச் செய்யலாம். அந்த நாட்கள்ல எல்லாரும் வெளியேறி இருக்கணும். அதிர்வு ரிக்டர் அளவுல ரெண்டரையைத் தாண்டினா நிறுத்திடுவேன். மறுபடி தொடங்கலாமான்னு லைன் வீட்டுக்காரங்கதான் சொல்லணும். நானோ நீங்களோ இல்லை."

பெள்ளிராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு குழாய்ச் செலவுப் பேச்சு வந்தது. பெள்ளிராஜிடம் ஒரு வழி தயாராக இருந்தது. மலை உச்சி ரிசார்ட் முதலாளிகள் முழுச் செலவையும் ஏற்கிறார்களாம். வெந்நீர் முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். மிச்சமிருந்தால் ஊருக்கு.

"தண்ணியை மேல ஏத்தி, அங்க சூட்டைச் செலவு பண்ணி, ஆறின தண்ணியைக் கீழ அனுப்பறதா?" என்று தவமலர் கேட்டாள். "தலைகீழா இருக்கே சார். தண்ணி போற வழியைப் பாருங்க. கிணத்துக்குக் கீழ இருக்கறதுல அதிகச் சூடு வேண்டியது உங்க கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்கு. இலையை வாட்டறதுக்கு வேண்டிய சூடு முழுக்கவும், உலர்த்தறதுக்கு வேண்டியதுல முக்கால்வாசியும் இந்தத் தண்ணியே கொடுக்கும். அங்கிருந்து வெளிய வர்றப்ப எழுபது டிகிரி. அதே தண்ணி லைன் வீட்டுக்குப் போகட்டும், பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். நாப்பதுக்கு இறங்கினதும் காய்கறிப் பண்ணைக்குப் போகட்டும், பனில கருகாம கேரட் வளரும். ஒரே சூட்டை மூணு தடவை பயன்படுத்தலாம். தொழிற்சாலை விறகுக்கு மூணு வருஷத்துல செலவழிக்கறதுதான் மொத்தக் குழாய்ச் செலவே. விறகுச் செலவு மூணுல ஒண்ணாக் குறையும், அஞ்சு வருஷத்துல போட்ட பணம் திரும்பிடும். இதைவிட நல்ல முதலீடு இந்த மலையில எது இருக்கு, சொல்லுங்க."

கூட்டுறவில் பங்கு வைத்திருந்த சிறு விவசாயிகள் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் குழந்தைவேலு கடைசி அம்பை எடுத்தார். "அப்ப அடுப்புக்காரன் எல்லாம் எங்க போறதுங்க? என் மண்டிலயே நாப்பது பேரு இருக்காங்க. தொழிற்சாலைல ஒம்பது பேரு. மாசிலாமணி அங்க நிக்கறான் பாருங்க. அவன் பொழப்பையும் பறிச்சுட்டு என்ன சாதிக்கப் போறீங்க?"

எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். மாசிலாமணி தலையை மழித்திருந்தான்.

"வேலை போகும்னு எனக்கும் தெரியுது," என்றான். "பயமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. ராத்திரி பூரா நான் அடுப்படில நிக்கறேன். வேர்த்து ஊத்தும், சட்டையக் கழட்டிட்டுத்தான் வேலை செய்வேன். அங்கிருந்து முன்னூறு அடி என் வீடு. அந்தச் சூட்டுல ஒரு கை எடுத்துட்டுப் போயி என் பொண்டாட்டி பக்கத்துல வெக்க முடியல. பதினாறு வருஷமா முடியல. இந்தம்மா முடியும்னு சொல்றாங்க."

அவ்வளவுதான் பேசினான். வாக்கெடுப்பில் பதினோரு கைகள் உயர்ந்தன, நான்கு உயரவில்லை. தவமலர் அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தை அனுப்பினாள். ஊராட்சி அவளுக்குத் தரச் சம்மதித்த சம்பளம் பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

புஷ்பலீலா கூட்டம் முடிந்து அவளை வழிமறித்தாள். "குழாய் தொழிற்சாலைக்குப் போற வழி எங்க லைன் வாசல்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப எங்க வீட்டுக்கு இணைப்புக் கொடுக்காம தொழிற்சாலைக்குத் தண்ணி போகக்கூடாது. எழுதிக் கொடு. ரெண்டு வேலையும் ஒரே நாள்ல முடியணும்."

தவமலர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் அழுத்தும் வேலை தொடங்கியது. லைன் வீட்டுக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாறின. முதல் இரண்டு நாள் கருவிகளுக்கு மட்டும் தெரிந்த சிறு நடுக்கங்கள். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தரைக்கு அடியிலிருந்து லாரி ஏறிப் போவது போல ஒரு சத்தம் வந்தது. பள்ளிக்கூட மேசைகள் தடதடவென்று ஆடி நின்றன. அளவு: இரண்டு புள்ளி ஏழு.

தவமலர் தானே கைப்பிடியைத் திருப்பி பம்பை நிறுத்தினாள்.

ஆறு வீடுகளில் விரிசல். புஷ்பலீலாவின் வீட்டில் பின்சுவர் முழுக்க விழுந்துவிட்டது. அவள் பாத்திரங்களும் துணிகளும் சாமி படங்களும் மண்ணுக்குள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் வீடு வீடுதானே. தவமலர் போனபோது புஷ்பலீலா இடிபாட்டுக்குள் நின்று ஒரு குடத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மன்னிச்சுடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? ஆடும்னு சொல்லிட்டுத்தானே பண்ணின." குடம் நசுங்கி வந்தது. அதைத் தூக்கிப் போட்டாள். "சொல்லிட்டுப் பண்ணினா வலிக்காதா? என் கல்யாணத்துக்கு எங்கம்மா வாங்கின குடம் இது. போ மலரு, இப்ப என் கண்ணு முன்னால நிக்காத."

மேடம் மலராகியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

சொன்னபடி முடிவு லைன் வீட்டுக்காரர்கள் கையில். மதியம் பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். தவமலர் மைதானத்து ஓரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் காத்திருந்தாள். குழந்தைவேலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றி பெற்ற முகமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை.

"ஒரு தடவை போதாதுங்களா?"

"கருவிகள் சொல்றபடி பார்த்தா இன்னும் எண்பது மீட்டர் பாறைதான் பாக்கி. அழுத்தத்தைக் குறைச்சு, நாலு நாளைக்குப் பதிலா பதினஞ்சு நாள் மெதுவா செலுத்தினா பெரிய ஆட்டம் இல்லாம திறக்கும்னு நம்பறேன். முதல்லயே அப்படிச் செஞ்சிருக்கணும். அவசரப்பட்டுட்டேன். அது என் தப்பு."

குழந்தைவேலு தன் உள்ளங்கையைப் பார்த்தார். எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு ரேகைகள். "எங்கப்பாரு சாகறப்பவும் கை இப்படித்தான் இருந்துச்சு. நாப்பது வருஷமா நான் கரி விக்கறேன். ஒவ்வொரு பனிக்கும் யாராச்சும் ஒருத்தர் வீட்டுக்குப் போயி மாலை போட்டுட்டு வர்றேன். அவங்க என்னை ஒண்ணும் சொல்றதில்லை. அதான் தாங்க முடியறதில்லை." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "நீங்க ஜெயிச்சா என் மண்டியை மூடணும். மூடிட்டு நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுங்களா?"

"உங்க ஆளுங்களுக்குக் குழாய் பதிக்கற வேலை இருக்கு. ஆறு வாரத்துல வெல்டிங் கத்துக்கலாம், கவசம் சுத்தக் கத்துக்கலாம். ஊர்ல எந்த வீட்டுக்கு எந்தச் சந்துன்னு அவங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியலை சார். பொய் சொல்ல மாட்டேன்."

"அது சரி," என்றார் அவர்.

பள்ளிக்கூடக் கதவு திறந்தது. புஷ்பலீலாதான் முதலில் வந்தாள். முந்தானையில் இன்னும் சுவர் மண் ஒட்டியிருந்தது.

"அழுத்தச் சொல்லியாச்சு," என்றாள். "இப்ப நிறுத்தினா எனக்கு வீடும் இல்லை, சூடும் இல்லை. எனக்குக் கட்டித் தர்ற வீட்டுச் சுவரு மட்டும் செங்கல்லா இருக்கட்டும்."

பதினாறாம் நாள் மதியம் இரண்டாவது கிணற்றின் அழுத்தமானி முள் அசைந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. மாசிலாமணி அன்றைக்குப் பம்பு பக்கம் நின்றிருந்தான். இரண்டு வாரமாகத் தொழிற்சாலை வேலை முடிந்ததும் நேராக இங்கேதான் வருகிறான். "மேடம், குழாய் அதிருது," என்றான். கையை வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான். "சுடுது."

தவமலர் வால்வைத் திறந்தாள். கறுப்புத் தண்ணீர் வந்தது, பிறகு பழுப்பு, பிறகு ஆவி பறக்கும் தெளிந்த நீர். வெப்பமானி நூற்றொன்றில் நின்றது. பெள்ளிராஜ் அழுதுவிட்டார். குழந்தைவேலு கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். அந்த வருடத்தோடு மண்டியை மூடி மேட்டுப்பாளையத்தில் மகளோடு போய்த் தங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவரிடம் இருந்த நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் குழாய் வேலைக்கு வந்தார்கள். ஒன்பது பேர் வரவில்லை. அவர்களில் சிலர் இன்னமும் தவமலரோடு பேசுவதில்லை.

அக்டோபரில் எழுபத்திரண்டு வீடுகளுக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே நாளில் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு வீட்டிலும் உள்சுவரில் ஓர் இரும்புப் பலகை. அதற்குள் வெந்நீர் சுற்றி வரும். லைன் வீட்டுக்காரர்கள் அதற்குச் சூடுபெட்டி என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சாலையில் மூன்று அடுப்பில் ஒன்றுதான் எரிந்தது. மாசிலாமணிக்கு அங்கே வேலை போயிற்று. கிணற்று மேட்டில் வால்வு பார்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. பகல் வேலை.

டிசம்பர் வந்தது. மைனஸ் ஐந்து. மண் சரிந்து மின்சாரம் போனது. வெந்நீர் நிற்கவில்லை. பம்புகளுக்கு, அந்தக் கோடையில் ஊராட்சி ஓடையில் வைத்த சிறு டர்பைனின் மின்சாரமே போதுமானதாக இருந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த மாதம் கரிவாயுச் சாவு ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து தலைவர்கள் ஜீப்பில் வந்து குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சேஷகோபாலனே அழைத்தார். "கொடைக்கானல்ல எங்க பழைய கிணறு ஒண்ணு இருக்கு, தொண்ணூத்தாறு டிகிரி. மூடிட்டோம். மறுபடி திறக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றாள்.

ஒரே ஒரு சிக்கல். லைன் வீட்டுக் குழாயில் கசிவு.

அளவுமானி அப்படித்தான் சொன்னது. எழுபத்திரண்டு வீடுகளுக்கு அவள் கணித்ததைவிட ஒன்றரை மடங்கு சூடு செலவாகியது. போகும் தண்ணீர் எழுபது டிகிரி, திரும்பி வரும்போது எதிர்பார்த்ததைவிட மிகவும் ஆறியிருந்தது. பெள்ளிராஜ் பதறினார். மிச்சச் சூட்டை ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளுக்குத் தருவதாகப் பேசி முடித்திருந்தார். கசிவைக் கண்டுபிடிக்காவிட்டால் லைன் வீடுகளுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று ஓர் அறிவிப்பே தட்டச்சு செய்து வைத்துவிட்டார்.

தவமலர் மூன்று நாள் தேடினாள். பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தாள். இணைப்பு இணைப்பாகக் கையால் தடவினாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை, கவசத்தில் ஒரு கிழிசல் இல்லை. நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, வீட்டுக்குள் இருக்கும் இணைப்புகளைப் பார்க்கலாம் என்று லைன் வாசலுக்கு வந்தாள்.

புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. முதல் வீட்டுக்கு முன்னால் நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது. பெருக்குகிறார்கள் போல என்று நினைத்தாள். இரண்டாம் வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. மூன்றாம் வீடு. நான்கு. வரிசை முழுக்க நடந்தாள். மைனஸ் ஐந்து டிகிரிக் குளிரில் எழுபத்திரண்டு வீட்டு ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. உள்ளே ஆட்கள் கம்பளியை இடுப்பு வரைக்கும் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் வீட்டு வாசலில் மாசிலாமணி பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவளையும் அவள் கையிலிருந்த கருவியையும் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தான்.

"மூடினா தூக்கம் வரலைங்க மேடம். மூச்சு முட்டற மாதிரி இருக்கு. முதல்ல நான் மட்டும்தான் திறந்து வெச்சேன். அப்புறம் ஒவ்வொருத்தரா... தப்புதான். நாளைலேருந்து மூடச் சொல்லிடறேன்."

பக்கத்தில் புதுச் செங்கல் வீட்டிலிருந்து புஷ்பலீலா வெளியே வந்தாள்.

"எதுக்குடா தப்பு? ஏன் மலரு, சூடு வேணும்னா காத்தை அடைக்கணும், காத்து வேணும்னா குளிர்ல சாகணும். இத்தனை காலம் அப்படித்தானே இருந்தோம்? ரெண்டும் சேந்து இப்பத்தான் கெடச்சிருக்கு. அதையும் மூடச் சொல்லப் போறியா?"

தவமலர் கருவியைப் பையில் போட்டாள். கணக்கை மனதுக்குள் ஒருமுறை ஓட்டினாள். ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் பாறைக்கு இது பெரிய விஷயமே இல்லை. ரிசார்ட்டுகள் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளலாம்.

போன் அடித்தது. பெள்ளிராஜ்.

"கசிவு கிடைச்சுதா மேடம்?"

"கசிவே இல்லை சார். அந்த அறிவிப்பைக் கிழிச்சுப் போட்டுடுங்க. லைன் வீடுகளுக்கு இன்னும் எழுபத்திரண்டு சூடுபெட்டி வேணும். ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழயும் ஒண்ணு."

"இன்னும் எழுபத்திரண்டா? எதுக்கு மேடம்?"

தவமலர் வரிசையைப் பார்த்தாள். யாரோ ஒரு ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் தள்ளித் திறந்தார்கள்.

"காத்து வாங்கறதுக்கு சார்," என்றாள்.